இல்லாத மலைக்கும் வழி சொன்ன மேசையக்காவுக்கு

மலை மீட்பு நிலையத்தின் வரைபட மேசைக்கு உயிராகவும் உணர்வாகவும் இருந்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் மேசையக்கா அவர்களுக்கு, நிலையத்தார் அனைவரும் நெஞ்சம் நெகிழ வாசித்து அளிக்கும் மடல்.

கோட்டைக் கண்டே குன்றைச் சொன்ன கூர்விழியே! குரலைக் கேட்டே குலைநடுக்கம் தீர்த்த குணக்குன்றே! மலையேறாமலே மலையை அளந்த மாண்பே! மஞ்சு மூடிய மதியங்களில், மூச்சு முட்டிய மனிதர்க்கெல்லாம் முகம் காட்டாமலே முன்னின்று வழி காட்டிய மூத்தவரே! வணங்குகிறோம்.

இதற்கு மேலும் இப்படியே அடுக்கிக்கொண்டு போனால், கழிவறைக்குப் போவதுபோல எழுந்து போய், விழா முடியும்வரை நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். புகழ் உங்களுக்கு வேப்பங்காய். ‘தாங்கள்’ என்று தொடங்கினாலே தலையைக் குனிந்து புடவை நுனியில் நூல் பிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். ஆகவே உங்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அவையோர் பக்கம் திரும்பி, உங்கள் கதையை ‘அவர்’ என்றே சொல்லப்போகிறோம். பிழை இருந்தால் கடைசியில் திருத்துங்கள். நடுவில் குறுக்கிடக் கூடாது.

அவையோரே, எங்கள் நிலையத்தைப் பார்த்தவர்கள் ஏறும் கயிற்றையும் தூக்கும் படுக்கையையும் வாசலில் நிற்கும் வண்டியையும் பார்த்திருப்பீர்கள். உள்ளறையில் ஒரு மேசை இருப்பது பலருக்குத் தெரியாது. மேசை மேல் ஒரு தொலைபேசி, மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்கும்படி. கண்ணாடிக்குக் கீழே மலைத்தொடரின் வரைபடம். அது முழுக்கப் பழுப்பு நிறக் கோடுகள், வளையம் வளையமாக, நெளிந்து நெளிந்து. அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் வண்டிகள் நிறுத்தும் இடத்தைப் பார்த்து. மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடிதான் மேசையக்கா தம் பணிக்காலம் முழுவதும் மலையைப் பார்த்தார். கருத்த பின்னலோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், வெளுத்த கொண்டையோடு இன்று எழுந்திருக்கிறார்.

எங்கள் ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த மேசையைப் பார்த்துவிட்டு, “என்னக்கா இது, அறுத்த மரம் மாதிரி?” என்று கேட்டார்.

“ஒரே உயரத்துல இருக்கிற இடத்தையெல்லாம் சேர்த்துக் கட்டின கயிறு. ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு கயிறு.”

“கயிறு நெருங்கி நெருங்கி இருந்தா?”

“செங்குத்து. உன் வண்டி மூச்சு வாங்கும்.”

“தள்ளித் தள்ளி இருந்தா?”

“நீ பாட்டுப் பாடிக்கிட்டே போவே. நாங்க காதைப் பொத்திக்குவோம்.”

வழி தவறியவர்கள் தொலைபேசியில் என்ன சொல்வார்கள் தெரியுமா? “இங்க ஒரு பாறை இருக்கு, மரம் இருக்கு” என்பார்கள். எந்த மலையில்தான் பாறையும் மரமும் இல்லை? மேசையக்கா கண்ணை நம்பமாட்டார், காலைத்தான் கேட்பார். “கடைசியா நடந்தப்போ முட்டி வலிச்சுதா, கெண்டைக்கால் வலிச்சுதா?” முட்டி வலித்தால் இறங்கியிருக்கிறார்கள், கெண்டைக்கால் வலித்தால் ஏறியிருக்கிறார்கள். “சாய்ஞ்சு நிக்கிறீங்களே, எந்தக் கால் மேல, எந்தக் கால் கீழ?” என்பார். “தண்ணிச் சத்தம் முன்னாடியா, பின்னாடியா?” என்பார். கேட்கக் கேட்க அவருடைய பென்சில் கோடுகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்துக்கு நாங்கள் போவோம். ஆள் இருப்பார்.

ஒரு தடவை கணவனும் மனைவியும் சேர்ந்தே தொலைந்தார்கள். கணவர்தான் பேசினார். “நாங்க வடக்குப் பார்த்து நிக்கிறோம்” என்றார். பின்னாலிருந்து அந்த அம்மாளின் குரல்: “அவரைக் கேக்காதீங்க மேடம். வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாது.”

“அம்மா, நீங்களே சொல்லுங்க. எந்தக் கால் கீழ?”

“இடது கால். அவருக்கு வலது கால்.”

“எதிரெதிரா நிக்கிறீங்களா?”

“பேச்சுவார்த்தை இல்லைங்க.”

அப்படியே அசையாமல் நிற்கச் சொல்லி, இருவர் காலையும் வைத்தே சரிவைக் கண்டுபிடித்து ஆளனுப்பினார் அக்கா. கீழே இறங்கியதும் அந்தத் தம்பதி எங்கள் படுக்கைக்காரர்களின் கையைப் பிடித்துக் கண்ணீர் விட்டார்கள், ஓட்டுநரைத் தெய்வம் என்றார்கள், எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். உள்ளறையில் அக்கா தொலைபேசியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் காப்பாற்றிய கூட்டத்தைக் கூட்டினால் இந்த மண்டபம் கொள்ளாது. அவர்களில் ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது. “அவங்க பிழைச்சு வந்தது வீட்டைப் பார்க்கத்தானேடா, என்னையா?” என்பார்.

அவர் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தையற்கடைக்கு மேலே மூன்றாம் மாடி, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. வெளியூரில் ஒரு அக்காள். அழைத்தால் தன் மூட்டு வலியைச் சொல்லி முடித்துவிட்டு வைத்துவிடுவார். பகலெல்லாம் தொலைபேசியோடு வாழ்ந்தவருக்கு வீட்டுத் தொலைபேசி ஒலிப்பதே அபூர்வம். தவறான எண்ணுக்கு யாராவது அழைத்துவிட்டால்கூட, “பரவாயில்லைங்க, நல்லா இருக்கீங்களா?” என்று விசாரிப்பாராம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நாங்களும் சிரித்தோம். ஒருநாளாவது வீட்டுக்கு அழைத்துப் பேசுவோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாராட்டு மடலில் இதை எழுதக் கூடாதுதான். ஆனாலும் இருந்தது இருந்தபடி இருக்கட்டும்.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று அக்காவிடமே கேட்டோம். “சொல்லுங்க. நாலு பேர் வழியா எங்கேயாவது அவர் காதுக்குப் போனாலும் போகும்” என்றார்.

மழை விட்டும் மஞ்சு விலகாத ஒரு பிற்பகல். தொலைபேசி ஒலித்தது. வயதான ஆண் குரல்.

“வழி தவறிட்டேங்க.”

“பயப்படாதீங்க. எங்க இருக்கீங்க?”

மறுமுனையிலிருந்து “மலையில” என்று வந்தது.

“முட்டி வலிக்குதா, கெண்டைக்கால் வலிக்குதா?”

“ரெண்டும்.”

“வயசு என்னங்க?”

“ரெண்டும் வலிக்கிற வயசு.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். “இடது கைப் பக்கம் என்ன இருக்கு?”

“ஓடை. கீழ போகுது.”

“நல்லது. அதை விட்டு விலகாதீங்க.”

“விலகலைங்க. ஆனா நான் மேட்டு முதுகுக்கு ஏறிட்டேன். ரெண்டு பக்கமும் சரிவா இருக்கு.”

“அப்போ ஓடை எங்க?”

“இங்கதான். என் காலடியிலதான். முதுகு மேலயே ஓடுது.”

பென்சில் நின்றுவிட்டது. அதற்குள் எங்கள் குழுத் தலைவர் மழைச்சட்டையை மாட்டி, கயிற்றைத் தோளில் போட்டு, கதவருகே நின்றிருந்தார். “எந்தப் பக்கம்க்கா?”

அக்கா தொலைபேசியின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டார். “போக வேண்டாம்.”

“என்னது?”

“இந்த மலை இல்லை.”

“அப்போ எந்த மலை?”

“எந்த மலையும் இல்லை. ஓடை இருக்கிற இடத்துல கோடெல்லாம் உச்சியைப் பார்த்து மடியும். மேட்டு முதுகா இருந்தா அதே கோடு அடிவாரத்தைப் பார்த்து மடியும். இவர் ரெண்டும் ஒரே இடத்துலங்கிறார். அதைப் போட்டா கோட்டைக் கோடு வெட்டும். ஒரு இடத்துக்கு ரெண்டு உயரம் எப்படித் தலைவரே இருக்கும்?”

“தொங்கு பாறையில வெட்டுமே.”

“தொங்கு பாறையில ஓடை ஏது? அருவிதான் இருக்கும்.”

“அக்கா, மஞ்சுல நிக்கிற மனுஷன் பயத்துல உளறுவான்.”

“பயந்தவங்க குறைச்சுச் சொல்வாங்க. வார்த்தையே வராது. இவர் சேர்த்துச் சேர்த்துச் சொல்றார்.”

“பொய் சொல்றார்ங்கறீங்களா?”

“மலைதான் பொய். அவர் எங்கேயோ மாட்டிக்கிட்டுத்தான் இருக்கார்.”

“நீங்க சொல்றது தப்பா இருந்தா?”

“ஒரு உயிர் போகும். என்னாலதான் போகும்.” சொல்லிவிட்டுப் பென்சிலை மறுபடி எடுத்துக்கொண்டார். “ஒரு டீ குடிக்கிற நேரம் குடுங்க.”

தலைவர் மழைச்சட்டையைக் கழற்றவில்லை, டீயும் குடிக்கவில்லை. வாசலிலேயே நின்றார். வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

அக்கா அந்த மனிதரை இறக்கத் தொடங்கினார். “ஐயா, மெதுவா கீழ வாங்க. ஒரு கோடு இறங்கினதும் சொல்லுங்க.”

“இறங்கிட்டேன். ஆனா அடுத்து ஒரு மேடு வருதுங்க.”

“வரட்டும். ஏறி இறங்குங்க. நான் இருக்கேன்.”

“அதுக்கப்புறம் ஒரு பெரிய மேடு தெரியுது.”

“எவ்வளவு பெருசு?”

“ரொம்ப நேரம் பிடிக்கும் போல இருக்குங்க.”

“பிடிக்கட்டும். கால்ல என்ன போட்டிருக்கீங்க?”

“வீட்டுச் செருப்பு” என்றார் அவர். அக்கா அதைக் கேட்காததுபோலவே தொடர்ந்தார். “வழுக்கும். பார்த்து வாங்க. இன்னும் ஒரு கோடுதான். தரை சமமாச்சா?”

“ஆச்சு.”

“எதிர்ல கதவு இருக்கா?”

“இருக்கு” என்றது குரல்.

“திறந்து வெளியே பாருங்க. யாராவது இருக்காங்களா?”

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. தெருச் சத்தம் கேட்டது. “யாரும் இல்லைங்க” என்றார். அப்புறம், “உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?” என்றார்.

“ஓடை முதுகு மேல ஏறினப்போ.”

“மன்னிச்சுடுங்க அம்மா. வேற எந்த இடத்துக்குக் கூப்பிட்டாலும் ‘என்ன வேணும்’னு கேக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் வேண்டியதில்லை. உங்க இடத்துல மட்டும்தான் ‘எங்க இருக்கீங்க’ன்னு கேக்கிறாங்களாம், பேப்பர்ல போட்டிருந்தான்.”

தலைவர் கயிற்றைத் தரையில் போட்டார். யார் உயிருக்கும் ஆபத்தில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். பொய் அழைப்பு வந்தால் எண்ணைக் காவல் துறைக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அதில் தவறும் இல்லை. ஒருவர் விளையாட்டாக அழைக்கும் நேரத்தில் இன்னொருவர் கால் முறிந்து கிடப்பார்.

“குடுங்க” என்றார் அக்கா. “கூடவே, பொய்னு தெரிஞ்ச பிறகும் ஒரு டீ நேரம் நான் பேசிக்கிட்டிருந்ததையும் எழுதிக் குடுங்க.”

“மிரட்டுறீங்களா அக்கா?”

“உள்ளதைச் சொல்றேன்.”

இருவரும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கயிறும் மேசையும் பேசிக்கொள்ளாத நிலையம் எப்படி இருக்கும் என்று எங்களைக் கேளுங்கள். கடைசியில் தலைவர்தான் இறங்கிவந்தார். “இந்த லைன்ல அந்த ஆள் இனிமே வரக் கூடாது. வந்தா விடமாட்டேன்” என்றார். அக்கா ஒப்புக்கொண்டார். அந்த மனிதரை அழைத்து, “இது கால் உடைஞ்சவங்களுக்கான நம்பர் ஐயா. உங்களுக்கு வேற நம்பர் தரேன்” என்று தம் வீட்டு எண்ணைச் சொன்னார்.

அன்று முதல் மூன்றாம் மாடியில் சாயங்காலம் தோறும் தொலைபேசி ஒலித்தது.

அவர் சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்து இருக்கை காட்டிக்கொண்டிருந்தவராம். இருட்டில் தடுமாறுகிறவர்களை ஆயுள் முழுக்க இடம் பார்த்து உட்காரவைத்தவர். கொட்டகையை மூடிவிட்டார்கள், மனைவியும் போய்விட்டார். அக்கா எங்களிடம் அவரை ‘டார்ச்காரர்’ என்றே சொல்வார். இருவரும் சேர்ந்து அந்த இல்லாத மலையைத் திருத்தத் தொடங்கினார்கள். டார்ச்காரருக்கு முதலில் கோடு என்றாலே விளங்கவில்லை.

“ஒரு உருளைக்கிழங்கைப் பாதியா வெட்டி வாளியில கவுத்து வைங்க. தண்ணி கொஞ்சம் ஊத்துங்க. தண்ணி தொடுற இடத்தைச் சுத்திக் கோடு போடுங்க. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. இன்னொரு கோடு. முழுகுற வரைக்கும் போடுங்க. போட்டாச்சா? இப்போ மேலேயிருந்து பாருங்க.”

“அட. வளையம் வளையமா இருக்குங்க.”

“அதுதான் உங்க மலை.”

மறுநாள் அவர் அழைத்தபோது, “மலை எப்படி இருக்கு?” என்று கேட்டார் அக்கா.

“வேக வெச்சுச் சாப்பிட்டுட்டேங்க.”

மாதக்கணக்கில் அந்த மலை வளர்ந்தது. அவர் சிகரம் வைப்பார். இவர் அதற்குச் சரிவு கொடுப்பார். “இவ்வளவு நெருக்கமா கோடு போட்டா யார் ஏறுவா? கொஞ்சம் தள்ளிப் போடுங்க, நமக்கு வயசாச்சு” என்பார். ஓடையை முதுகிலிருந்து இறக்கிப் பள்ளத்தில் விட்டார்கள். உச்சியின் உயரம் என்ன என்று ஒருநாள் அவர் கேட்டாராம். “கடைசி வளையத்துக்குள்ள கோடு கிடையாது ஐயா. அதுக்கு மேல இருக்குன்னு தெரியும், அடுத்த கோட்டைத் தொடலைன்னு தெரியும். நடுவுல எவ்வளவுன்னு யாரும் எழுதலைன்னா யாருக்கும் தெரியாது.” அவர், “என் வீடு மாதிரி” என்றாராம். “என் வீடும்தான்” என்றாராம் அக்கா.

ஒரே ஊர்தானே, போய்ப் பார்க்கலாமே என்று ஓட்டுநர் கேட்டதுண்டு. “அவர் கேக்கலை, நானும் கேக்கலை. அதெல்லாம் கேக்கிற வயசுல கேக்கணும்” என்று பேச்சை முடித்துவிட்டார்.

பிறகு ஒரு சாயங்காலம் தொலைபேசி ஒலிக்கவில்லை. மறுநாளும் ஒலிக்கவில்லை. அக்கா அழைத்தால் இணைப்பே இல்லை என்றது. மூன்றாம் நாள் காலையில் அவர் நேரே தலைவர் முன்னால் வந்து நின்றார்.

“ஒரு ஆளைக் காணோம்.”

“எந்தப் பக்கம்க்கா?” என்று தலைவர் பழக்கத்தில் கயிற்றை எடுத்தார்.

“மலையில இல்லை. ஊருக்குள்ள.”

“விலாசம்?”

விலாசம் அக்காவிடம் இல்லை. ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேரை ‘எங்க இருக்கீங்க’ என்று கேட்டவர், இந்த ஒருவரிடம் முதல் நாளுக்குப் பிறகு அதைக் கேட்கவே இல்லை. சின்னப் பிள்ளைபோல உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற அவரைப் பார்த்துத் தலைவருக்கு என்ன தோன்றியதோ, கயிற்றை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஊர் வரைபடத்தை எடுத்து வந்து மேசை மேல் விரித்தார்.

“என்னென்ன சொன்னார்? ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க.”

“சாயங்கால பஸ் அவர் வீட்டுக்கிட்ட வந்ததும் கியர் மாத்தும்னு சொல்வார். பேசும்போது எனக்கே கேக்கும்.”

“அப்போ ஏத்தம் அங்கதான் ஆரம்பிக்குது. கோடு திடீர்னு நெருங்குற இடம்.”

“மழை பெய்ஞ்சா ரெண்டு தெருத் தண்ணியும் அவர் வாசல்லதான் வந்து சேரும்னு திட்டுவார்.”

“கோடு மேல பார்த்து மடியற இடம்.”

“ஜன்னல்ல சாயங்கால வெயில் வராதாம். மேற்குப் பக்கம் ஏதோ உசரமா இருக்கு.”

இரண்டு தலைகளும் அந்தத் தாள்மேல் குனிந்தன. ஊரிலும் மேடு பள்ளம் உண்டு, அங்கேயும் பழுப்புக் கோடுகள் உண்டு. கூரைகளும் கடைகளும் மறைத்துவிடுவதால் நாம் மறந்துபோகிறோம். மூன்றும் பொருந்திய இடம் ஒன்றே ஒன்று. அக்காவின் பென்சில் அங்கே நின்றது. எங்கள் செவிலியரை மேசையில் உட்காரவைத்துவிட்டு, மேசையக்கா முதல்முறையாகத் தேடுதலுக்கு வண்டி ஏறினார்.

அந்த முனையில் ஒரு முடிதிருத்தும் கடை. பக்கத்தில் பூட்டிய கதவு. மீட்புச் சட்டை போட்ட எங்களைப் பார்த்துக் கடைக்காரர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே வந்தார். “யாருக்கு என்னாச்சு?”

“இந்த வீட்டுக்காரர், கொட்டகையில வேலை பார்த்தவர்.”

“அவரா? அவரோட அக்கா மகன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாரே. கடலோரமா ஏதோ ஊர். ரெண்டு நாள் ஆச்சு.”

“உடம்பு நல்லா இருந்தாரா?” அக்கா கேட்டார்.

“உடம்புக்கு என்ன? மறதிதான். அடுப்பை அணைக்க மறந்துட்டார், அதான் கூட்டிக்கிட்டுப் போனாங்க. ஃபோனையும் அந்தப் பிள்ளை வாங்கி வெச்சுக்கிச்சு. ஏதோ மலை, ஓடைன்னு தினம் யார்கிட்டயோ உளறுறார்னு.” கடைக்காரர் அக்காவை உற்றுப் பார்த்தார். “நீங்க அவருக்கு என்ன வேணும்?”

அக்கா பூட்டிய கதவின் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைக்காரரும் வற்புறுத்தவில்லை. தானாகவே சொன்னார்: “வண்டியில ஏறும்போது என்னைக் கேட்டார், ‘கடற்கரையில உயரக் கோடு ஒண்ணாவது இருக்குமா?’ன்னு. எனக்கு என்ன தெரியும்? இருக்காது தாத்தா, எல்லாம் சமதரைன்னு சொல்லிட்டேன். முகம் சுண்டிப்போச்சு.”

“இருக்கும்” என்றார் அக்கா. “கரைதான் முதல் கோடு. மத்த கோடெல்லாம் அங்கேயிருந்துதான் எண்ண ஆரம்பிக்கும்.”

“இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நான் சொல்லி அனுப்பியிருப்பேனே அம்மா” என்றார் அந்த நல்ல மனிதர்.

அந்த உறவுக்காரரின் ஊர்ப் பெயரோ எண்ணோ கடைக்காரருக்குத் தெரியவில்லை. தலைவர் தமக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் விசாரித்தார். பழைய எண்ணைத் தொலைபேசி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்பதோடு அது நின்றது. அன்று திரும்பி வந்ததும் அக்கா மேசையில் உட்கார்ந்தார். மாலைக்குள் இரண்டு அழைப்புகள் வந்தன. இரண்டு பேரையும் இறக்கினார். வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்தார். ஓய்வு பெறும் நாள்வரை அப்படியே வந்தார். சாயங்காலங்களைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை.

அன்பிற்கினிய அக்கா! அவையோரை விட்டு இனி உங்கள் பக்கமே திரும்புகிறோம்.

வழியனுப்பு விழாவுக்கு என்ன வேண்டும் என்று தங்களிடம் கேட்டோம். கைக்கடிகாரம் என்றோம், நேரம் பார்த்து என்ன செய்ய என்றீர்கள். சாய்வு நாற்காலி என்றோம். மாடிப்படியில் ஏறாது என்றீர்கள். பிறகு தலைவரைப் பார்த்துத் தாங்கள் கேட்டதை, அவைக்குத் தெரியும்படி இங்கே பதிந்து வைக்கிறோம்: “அவருக்கு என் வீட்டு நம்பர் மறந்துபோயிருக்கும். உங்க நம்பர் மூணே இலக்கம், பேப்பர்ல வந்தது, அது யாருக்கும் மறக்காது. யாரோட ஃபோனாவது கையில கிடைச்சா அதைத்தான் போடுவார். இல்லாத மலையிலேருந்து யாராவது பேசினா வெச்சுடாதீங்க. கேஸும் போடாதீங்க. ஒரு டீ நேரம் இறக்கிவிட்டுட்டு, எனக்குச் சொல்லுங்க.”

தலைவர், “சரிக்கா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இந்த நிலையத்தில் இதுவரை நடந்த எந்த விழாவிலும், எந்தப் புகைப்படத்திலும் தாங்கள் இருந்ததில்லை. யாராவது ஒருவர் மேசையில் இருந்தாக வேண்டும் என்பீர்கள். அந்த ஒருவர் எப்போதும் தாங்களாகவே இருப்பீர்கள். இன்று முன்வரிசையில் தலைவரின் இருக்கை காலியாக இருப்பதைப் பார்த்து, வந்ததிலிருந்து அங்கேயே உங்கள் கண் போய்க்கொண்டிருப்பதை நாங்கள் கவனிக்காமல் இல்லை. மனவருத்தம் ஒன்றுமில்லை அக்கா. இம்மடலை வாசிக்க வேண்டியவர் அவர்தான். காலையில் காகிதத்தைச் செவிலியர் கையில் கொடுத்துவிட்டு, உள்ளறைக்குப் போய், மலைக்கு முதுகைக் காட்டி, தங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் யாராவது மாற்றி உட்காருகிறோம் என்றோம். “அந்தக் குரல் எனக்குத்தான் தெரியும்” என்றார்.

தங்கள் முட்டியும் கெண்டைக்காலும் நோகாதிருக்க! தங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறி வரும் கால்கள் பெருக! நோயின்றி, நொடியின்றி, நெடுங்காலம் நிறைவோடு வாழ்க! இரவோ பகலோ, தலைவர் அழைத்தால் ஒரே மணியில் எடுக்கும்படி தொலைபேசி தங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அவர் அழைக்காத நாட்களில் நாங்கள் அழைப்போம். எங்களுக்கு மலை கட்டத் தெரியாது. கற்றுக்கொள்கிறோம்.

இவண்,
தங்கள் அன்பிலும் அளவையிலும் அடங்கிய

குழுத் தலைவர் (மேசையிலிருந்து)
செவிலியர்
ஓட்டுநர்
படுக்கைக்காரர்கள்
கயிற்றுக்காரர்கள்
பண்டகக் காப்பாளர்
மற்றும் மலை மீட்பு நிலையத்தார் அனைவரும்